அறுபதைத் தாண்டினால்

பொன்னாக்குடி கழிந்து ரோடு நேராக விழுந்ததும் தாணுமாலையன் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினான். முள் ஐம்பதைத் தாண்டியது, ஐம்பத்தைந்தைத் தாண்டியது, அறுபதில் போய் நின்று நடுங்கியது. அதற்கு மேல் மிதித்தபோது வண்டி ஒருமுறை தும்மிற்று. பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஓர் இழுப்பு. விட்டது, மறுபடியும் இழுத்தது. காலைத் தளர்த்தி நாற்பதுக்கு இறக்கியதும் ஒன்றுமே நடக்காததுபோலச் சீராக ஓடியது.

பின் சீட்டில் ஜேசுதாசன் சார் கண் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வைதான் தாணுவுக்கு உறுத்தியது. முன்பென்றால், "என்னடே, காலைலயே மொரண்டு பிடிக்கி?" என்று வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்திருப்பார். இப்போதெல்லாம் வண்டி திக்கினால் அவர் ஓட்டுகிறவனைத்தான் பார்த்தார்.

பக்கத்தில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தேவமணி டீச்சர்தான், "பைய போ தாணு. அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார்.

அவசரம் இருந்தது. பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சாருக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. அதிலிருந்து மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழிக் கணவாய், நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று போய்க்கொண்டே இருக்கிற பாதை. மத்தியானத்துக்கு மேல் டாக்டர் அறையில் இருக்க மாட்டார். அன்றைக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கிளம்பப் படியிறங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் ஓடிப்போய் கையெடுத்துக் கும்பிட்டபடி பேசியதையும், சார் தூணில் சாய்ந்து நின்றதையும் தாணு வண்டிக்குள்ளிருந்தே பார்த்தான். திரும்பும் வழியிலும் வண்டி அறுபதைத் தொட்டபோதெல்லாம் திக்கிற்று.

வண்டி பழைய பியட். ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடம் சார் வாங்கியது. கறுப்பாக இருந்ததற்கு வெள்ளை அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, பிள்ளைகள் ஜாபேஸையும் ஸ்வீட்லினையும் அதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். சாருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது தாணு டிரைவராக வந்தான். ராதாபுரத்துப் பக்கம் பிறந்தவன். மழை இல்லாமல் ஊரைவிட்டு வந்து, லாரியில் ஏறி, பிறகு இந்த வீட்டில் ஒதுங்கினான். மனைவி பாலம்மாள் பீடி சுற்றுகிறவள். குலவணிகர்புரத்தில் வாடகை வீடு. சாருடைய வீட்டுச் சாவி, கார் சாவி, சமயத்தில் டீச்சரின் நகைப்பெட்டி எல்லாம் அவன் கையில் இருந்திருக்கிறது. ஒரு நாளும் ஒரு பேச்சு வந்ததில்லை.

பேச்சு வந்தது இந்தச் சித்திரையில். பம்பாயில் வேலை பார்க்கும் ஜாபேஸ் லீவில் வந்திருந்தான். அப்பாவின் மருந்துச் செலவு, வண்டிச் செலவு எல்லாம் அவன் அனுப்புகிற பணத்தில் நடந்தது. ஒருநாள் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தாணுவிடம் வந்து நின்றான். சின்ன வயதில் 'தாணண்ணே' என்று தோளில் தொங்கிய பிள்ளை, அன்றைக்கு முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"தாணுமாலையன், வண்டி எங்கெல்லாம் போவுது?"

கோயில், மார்க்கெட், டீச்சருடைய பெண்கள் சங்கம், மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் என்று தாணு சொன்னான்.

"இவ்வளவுதானா? அப்ப இவ்வளவு பெட்ரோல் எங்க போவுது?"

தாணு துணியைப் பிழிந்தான். பழைய இஞ்சின், கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கும் என்றான். அது பொய் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. வாசலில் நின்ற டீச்சரின் முகம் வெளிறிப் போனதை அவன் பார்த்தான், ஜாபேஸ் பார்க்கவில்லை.

மறுநாள் ஜாபேஸ் டவுனுக்குப் போய் பெட்ரோல் டேங்குக்கு ஒரு மூடி வாங்கிவந்தான். சாவி போட்டுத் திறக்கிற மூடி. உள்ளே கனமான ரப்பர் வளையம். பழைய மூடியைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, அதைத் தானே மாட்டிப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்தான். இனி பெட்ரோல் போட வேண்டுமென்றால் சார்தான் கூட வந்து திறக்க வேண்டும். தாணு பக்கத்தில்தான் நின்றான்.

அந்தப் பெட்ரோல் களக்காட்டுக்குப் போயிற்று. ஸ்வீட்லின் அங்கேதான் இருந்தாள். அவளுடன் கல்லூரியில் படித்த சிவகணேஷ் என்கிற சைவப் பிள்ளையை, சார் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். அவன் களக்காட்டில் உரக்கடை வைத்திருந்தான். இந்த வாசலை இனி மிதிக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார்; அவளும் மிதிக்கவில்லை. பேத்தி பிறந்ததும்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போகிற வழியில் டீச்சர், "தாணு, களக்காடு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டார். போய்வர ஒரு மத்தியானம் ஆகும் என்றான். முருகன்குறிச்சி முக்கில் அவனாகவே வண்டியைத் திருப்பினான். அதற்குப் பிறகு சங்கம் கூடிய வியாழக்கிழமைகளிலும் கூடாத வியாழக்கிழமைகளிலும் வண்டி களக்காட்டுக்குப் போயிற்று. சாரிடம் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மூடி வந்ததோடு அது நின்றது.

மூடி மாட்டிய அன்று சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு இறங்கியபோது டீச்சர் பின்வாசல் வழியாக வந்தார். தான் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். தாணுதான் தடுத்தான். சாருக்கு உடம்பு தேறட்டும், இப்போது இந்தப் பேச்சைத் தாங்க மாட்டார் என்றான். டீச்சர் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

வண்டி திக்க ஆரம்பித்ததும் அந்த வாக்கில்தான்.

முருகன்குறிச்சியில் பாபநாசத்தின் பட்டறை. வேப்பமரம், அதன் கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண். பாபநாசம் பானட்டைத் திறந்து கை வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். அவன் வழக்கம் அது.

"மொதல்லயிருந்து சொல்லும்வே. எப்பத் திக்குது?"

"அறுபதத் தாண்டினா."

"ஏத்தத்துலயா, சமத்துலயா?"

"சமத்துலயுந்தான். ஆனா எடுத்த ஒடனே இல்ல. கொஞ்ச தூரம் ஓடின பொறவுதான்."

"நிறுத்தி வச்சு எடுத்தா?"

"சரியாயிருது. கொஞ்ச நேரத்துக்கு நல்லாத்தான் போவுது. பொறவும் அதே இழவு."

பாபநாசம் பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, பிளேடைச் செருகி இடைவெளி பார்த்து மாட்டினான். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டை மாற்றினான். வேகத்தில் மின்சாரம் தடுமாறினாலும் திக்கும் என்று கண்டன்சரும் புதிதாகப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் கார்ப்பரேட்டரை இறக்கி, ஒரு சட்டியில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்து, ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதினான். பெட்ரோல் பம்பைப் பிரித்து அதன் ரப்பர்த் தகட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். ஆனிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. கழற்றி வைத்த சாமான்களின் மேல் தாணு ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே இருந்தான்.

மாட்டி முடித்து நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் இஞ்சின் பாட்டுப் பாடும். ரோட்டில் அறுபதைத் தாண்டினால் திக்கும்.

கடைசியில் டேங்கில் துரு இருக்கும், அது எழும்பிவந்து குழாயை அடைக்கும் என்று பாபநாசத்துக்குத் தோன்றியது. டேங்கை இறக்க மூடியைத் திறக்க வேண்டும். சார் ஆட்டோவில் வந்தார். வேப்பமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள். அவர் சாவியைப் பாபநாசத்திடம் கொடுத்தார். தாணு கையை நீட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்க்காததுபோல இருந்தார். டேங்குக்குள் கருங்கல் சல்லியைப் போட்டு இரண்டு பேரும் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்துக் குலுக்கினார்கள். கை ஓய்ந்து போகும்வரை குலுக்கினார்கள். செம்மண் கரைத்த தண்ணீர்போலக் கொஞ்சம் துரு வந்தது. பாபநாசம் முகம் மலர்ந்தான். இதுதான், வேறு இல்லை என்றான்.

பெட்ரோலை ஊற்றி, மூடியைப் பூட்டி, வண்ணார்பேட்டை தாண்டியும் ஓட்டிப் பார்த்தார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எழுபதில் போயிற்று. திக்கவில்லை. சாரைப் பார்த்துப் பாபநாசம், மலையாள தேசத்துக்கு என்ன, பம்பாய்க்கே போகலாம் என்றான்.

இரண்டு நாள் கழித்து மூன்றடைப்பில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போனார்கள். போகிற வழியிலேயே திக்கிற்று.

அன்று மத்தியானமே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது சாரும் கூடவே வந்தார். பாபநாசத்துக்கு எரிச்சல். தன் கைவேலை தோற்றுப் போன எரிச்சல். சார் இருக்கிறார் என்று யோசிக்காமல், "பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்தாலும் இப்படித்தான் திக்கும்வே," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. கார்ப்பரேட்டர்க் கிண்ணத்தைத் திறந்து விரலை நனைத்து மோந்து பார்த்தான். இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று உரக்கச் சொன்னான். பிந்திவிட்டது. மூடி வருவதற்கு முன்பே தாணு பெட்ரோலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் கலந்தது இஞ்சினைக் கெடுத்திருக்கும் என்று சார் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜாபேஸ் போன் பண்ணியபோது அவனிடம் சொன்னார். ஆடி முடிந்ததும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி ஜாபேஸ் பதில் சொன்னான். இது டீச்சர் மூலம் தாணுவுக்கு வந்தது.

அவன் வீட்டுக்குப் போனபோது பாலம்மாள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கைகளில் கிரீஸ் வாசம் போகவே இல்லை. அவள் எழுந்து கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"என்ன சொல்லுதாக?"

அவன் சொன்னான். அவள் மறுபடியும் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"அவுக வீட்டுச் சங்கதிய அவுக மறைக்காக. களவாணிப் பட்டம் ஒங்களுக்கா?"

"டீச்சர் சொல்லுதேன்னுதான் சொன்னாக. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன் வேண்டாம்? பெட்ரோல் திருடுனான்னு அனுப்புன ஆள எவன் வண்டியில ஏத்துவான்?"

சார் மேல் இருந்த பிரியமா, டீச்சரைக் காட்டிக்கொடுக்க மனம் வராததா, தன் வாயால் சொல்லித் தப்பிப்பதில் உள்ள கூச்சமா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு தடவை திருவனந்தபுரம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அவள் இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். அவனுக்குத் தூக்கம் வந்தது. எந்நேரமும் தூக்கம் வருகிற மாதிரி ஓர் அசதி அந்த மாதம் முழுவதும் அவனைப் பிடித்திருந்தது.

ஆடியில் போனார்கள். விடியுமுன்பே கிளம்பிவிட்டதால் நாற்பதில் போயும் டாக்டரைப் பார்க்க முடிந்தது. டீச்சர் வெளியே வந்து சொன்னார்: அடைப்புக் கூடியிருக்கிறதாம். மாத்திரையில் ஓட்ட முடியாதாம், அறுக்க வேண்டுமாம், நாள் கடத்தக் கூடாதாம். சார் வந்து வண்டியில் ஏறிக் கதவைத் தானே சாத்திக்கொண்டார். மார்த்தாண்டம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை டீச்சர் வாழையிலையில் வைத்து நீட்டினார். சார் ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை. டீச்சர் தன் பங்கையும் சேர்த்துத் தாணுவின் இலையில் வைத்தார்.

ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியை ஒருபக்கமாகத் தள்ளிற்று. புதிதாக நட்டிருந்த காற்றாலைகள் முப்பந்தல் வெளியெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. குறுக்குக் காற்றிலும் ஏற்றத்திலும் வண்டிக்கு இப்போது ஐம்பதே பெரும்பாடாக இருந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரனை அடித்து அடித்து, கிளீனர் தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுக் கடந்தன. காவல்கிணற்றில் ஒருமுறை நின்றே போயிற்று. கொஞ்சம் பொறுத்து எடுத்ததும் வந்தது. பணகுடியில் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

வள்ளியூரில் பங்க்குக்குள் திருப்பினான். மூடியின் சாவியைத் தேடிச் சார் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். டீச்சருடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.

"அயத்துட்டேன்," என்றார் சார். "நேத்துப் போட்டிருந்த சட்டையில இருக்கு."

இப்படி ஒரு பொருளை மறக்கிற மனிதர் இல்லை அவர். அதைச் சொன்னபோது அவர் குரல் நோயாளியின் குரலாக இருந்தது. தாணு அதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டான்.

பங்க்கில் நின்ற ஆள், மூடியை நெம்பித்தான் எடுக்க வேண்டும், சுத்தியல் வேண்டாம், பொறி பறக்கும் என்று சொல்லி ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து நீட்டினான். தாணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொடமாட்டேன் சார். நீங்க சொன்னா அண்ணாச்சி ஒடைக்கட்டும்."

பங்க் ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. சார் அவனையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, மெல்ல நடந்து பின்னால் வந்து, ஸ்குரூ டிரைவரைத் தானே வாங்கி மூடிக்கடியில் செருகினார். இரண்டு தரம் நெம்பினார். நெற்றியில் வேர்வை பொடித்தது. டீச்சர் இறங்கி ஓடிவந்தார்.

"நீயே ஒடை தாணு," என்றார் சார்.

அவன் வாங்கினான். ஒரே நெம்பில் ரப்பர் வளையம் விலகிற்று. வெகுநேரம் தண்ணீருக்குள் முங்கியிருந்தவன் தலையைத் தூக்கினால் இழுப்பானே, அதுபோல டேங்கு நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. தாணுவுக்கு அது காதில் விழுந்தது. அப்போது அவன் மனம் அதில் இல்லை. சார் உட்கார இடம் தேடுகிறாரே என்றுதான் பார்த்தான். பெட்ரோல் போட்டு, உடைந்த மூடியைக் காலடியில் எறிந்துவிட்டு, டேங்கு வாயில் ஒரு பழந்துணியைச் சுற்றிச் சணலால் கட்டினான்.

வள்ளியூரைத் தாண்டி ஒரு வைக்கோல் லாரி வழிமறித்துப் போனது. முந்துவதற்காக மிதித்தவன் காலை எடுக்க மறந்துவிட்டான். இரண்டு பக்கமும் பனைகள் பின்னால் ஓடின. வெகுதூரம் போன பிறகு டீச்சர்தான் சொன்னார்.

"தாணு, திக்கலியே."

முள் எழுபதில் இருந்தது. எண்பதுக்கு மிதித்தான். போயிற்று. அப்போதுதான் அந்த மூச்சு அவன் காதில் மறுபடியும் விழுந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக உள்ளே காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்கு ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. இந்தப் பூட்டு மூடியில் இல்லை. மெதுவாகப் போனால் எப்படியோ சமாளிக்கும். வேகமாகப் போனால் பம்பு உறிஞ்சிப் பார்த்து, பெட்ரோல் வராமல் திணறும். டேங்கைக் கழுவிய அன்றைக்கு மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றிய கையோடல்லவா ஓட்டிப் பார்த்தார்கள்! அவன் இதை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாகவே சொன்னான். பாபநாசத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை சார் என்றான். சந்தோஷமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் உடம்பு முழுக்க அசதிதான் வந்தது.

சார் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"அப்ப மூடிதான்," என்றார். பிறகு, "மண்ணெண்ணெய்லாம் இல்ல," என்றார். அதற்கும் பிறகு, "ஆனா ஜாபேஸ் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல தாணு. பெட்ரோல் எங்க போச்சு?"

தாணு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"களக்காட்டுக்குப் போச்சு," என்றார் டீச்சர்.

அவர் குரல் உயரவில்லை, அழவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல். எப்போது தொடங்கியது, எந்தெந்த வியாழக்கிழமை, சங்கம் என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று தடுத்தது தாணு, ஆனால் சொல்லாமல் இருந்தது தன் குற்றம் என்றார். அறுக்கப் போகிற உடம்போடு இவர் எதுவும் தெரியாமல் போய்ப் படுக்க வேண்டாம், அதனால்தான் இப்போது சொல்கிறேன் என்று முடித்தார். தாணு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. சாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்குநேரியில் எந்த ஆஸ்பத்திரிக்குத் திருப்புவது என்று யோசித்தபடி ஓட்டினான்.

நாங்குநேரி வந்தது. களக்காட்டு ரோடு பிரிகிற இடத்தில் அவன் கால் தானாகத் தளர்ந்தது. மேற்கே மலைமேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய ஒரு வண்டி அந்த ரோட்டிலிருந்து திரும்பி வந்தது.

"நேராப் போ," என்றார் சார்.

நேராகப் போனான். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்கியபோது சார் முன்சீட்டுச் சாய்மானத்தில் கையை ஊன்றி முன்னால் குனிந்தார். டீச்சரைக் கேட்கவில்லை. தாணுவைத்தான் கேட்டார்.

"நீ அவளப் பாத்தியா?"

"பாத்திருக்கேன் சார்."

"எப்படி இருக்கா?"

எழுபதில் போய்க்கொண்டிருந்த வண்டியைத் தாணு நாற்பதுக்கு இறக்கினான். இந்த வேகத்தில் போனால் பாளையங்கோட்டை சீக்கிரம் வந்துவிடும். வந்துவிட்டால் சார் கேட்க மாட்டார். பார்த்ததையெல்லாம் சொன்னான். உள்ளே போனதில்லை, தெருவில் வண்டியில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னான். ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. ஸ்வீட்லின் பாப்பா முன்பைவிட மெலிவுதான், ஆனால் நோக்காடு ஒன்றும் இல்லை. கடையிலிருந்து மாப்பிள்ளை சைக்கிளில் வந்தால் தாணுவையும் சாப்பிடக் கூப்பிடுவார். பேத்தி முதலில் தவழ்ந்துகொண்டிருந்தது, கடைசியாகப் பார்த்தபோது கார் பம்பரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. சார் நடுவில் பேத்தியின் பேரை மட்டும் கேட்டார். அதற்கு டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே, கிருபா என்றார்.

பேருந்துகள் அவர்களை முந்திப் போயின. மூன்றடைப்பு தாண்டியது.

"என்னப் பத்திக் கேப்பாளா?"

கேட்பாள் என்று சொல்லிவிடுவது சுலபம். டீச்சர்கூட அதைத்தான் சொல்லியிருப்பார். தாணு யோசித்தான்.

"ஒங்களப் பத்திக் கேக்க மாட்டாங்க சார். வண்டியப் பத்திக் கேப்பாங்க. காப்பி கொண்டாந்து குடுத்துட்டு, பானட்டுல கைய வச்சுக்கிட்டு நிப்பாங்க. வண்டி எப்படி ஓடுது அண்ணேம்பாங்க. ஒவ்வொரு தடவையும் இதுதான்."

"நீ என்ன சொல்லுவ?"

"நல்லா ஓடுதுன்னு சொல்லுவேன்."

சார் சீட்டில் பின்னால் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் தாணு நினைத்தான். ரெட்டியார்பட்டி மலை கண்ணில் படுகிற நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இனிமே கேட்டா, திக்குதுன்னு சொல்லு."

"சரி சார்," என்றான் தாணு.